நான் தேர்ந்தெடுத்த லேப்டாப்

தப்பாக நினைக்காதீர்கள் சார். எட்டிப் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. பக்கத்து ஸீட்டில் இருக்கிறேன், கண்ணில் பட்டுவிட்டது. திருமங்கலம் தாண்டியதிலிருந்து உங்கள் போனில் லேப்டாப் லேப்டாப்பாக ஓடுகிறது. ஒன்றைத் தொடுகிறீர்கள். விலையைப் பார்க்கிறீர்கள். பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறீர்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்த பெருமூச்சு. போன புரட்டாசியில் என் வீட்டில் ஃபேன் ஓடியதைவிட அதுதான் அதிகமாக ஓடியது.

யாருக்கு? மருமகளுக்கா. வீட்டிலிருந்தே வேலை பார்க்கவா. கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க மாட்டேன், அது மரியாதையில்லை. குறைவாகத்தான் இருக்கிறது என்று தெரிகிறது. நிறைய இருக்கிறவன் பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்க மாட்டான், கடையில் உட்கார்ந்து பார்ப்பான்.

அப்படியானால் சரியான ஆள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கோவில்பட்டி வருகிறவரைக்கும் நேரம் இருக்கிறது. சொல்கிறேன்.

என் பெயர் ஆவுடையப்பன். கோவில்பட்டியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் எழுத்து வேலை. தீப்பெட்டி பண்டல் எந்த லாரியில் ஏறும், கடலைமிட்டாய் பெட்டி எந்த ஊரில் இறங்கும், அதெல்லாம் நான் பார்ப்பது. என் வீட்டுக்காரி செண்பகம், ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தாள். பிள்ளைகள் குறைந்துபோய்ப் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். ஒரே மகள், மதுரையில் நர்சிங் கடைசி வருஷம். அவளைப் பார்த்துவிட்டுத்தான் இப்போது வருகிறேன். என் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். மகளின் ஃபீஸ் என்பது செண்பகத்தின் சம்பளம். அது நின்றுபோனது.

அந்த நேரத்தில்தான் பெங்களூர்க் கம்பெனி ஒன்று வந்தது. யாரோ பேசிப் பதிவுசெய்த தமிழைக் காதில் கேட்டு, பிழையில்லாமல் அடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். செண்பகம் விண்ணப்பம் போட்டாள். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் ஒரு மணி நேரம் கேமரா முன்னால் உட்கார்ந்து அடித்துக் காட்ட வேண்டும், கம்ப்யூட்டர் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றார்கள்.

கம்ப்யூட்டருக்குப் பணம்? செண்பகம் மாதாமாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணம் ஒன்று இருந்தது. மகளின் கடைசி ஃபீஸுக்கென்று வைத்திருந்தது. அதை எடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கி, வேலையும் கிடைத்துவிட்டால், முதல் சம்பளத்தில் ஃபீஸைக் கட்டிவிடலாம். வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் போனால்? கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் ஃபீஸ் கவுண்டரில் வைக்க முடியுமா? அவ்வளவுதான் சார் விஷயம். மகள் படிப்பை முடிப்பாளா மாட்டாளா என்பது ஒரு கம்ப்யூட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு என்னுடையது. யாரும் கொடுக்கவில்லை. தானாக வந்து என் தலையில் உட்கார்ந்துகொண்டது.

நான் யோசிக்கிற ஆள். அது ஒரு வியாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போன பிறகு, இந்தச் சட்டை சரிதானா என்று நின்று யோசிப்பேன். அம்பத்து மூன்று வயதில் இதை இனிமேல் மாற்ற முடியாது.

முதல் நாளே செண்பகம் சொன்னாள், அதை மறைக்க மாட்டேன். "என்னங்க, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல நம்ம ஜெபஸ்டின் கடையில ஒண்ணு பாத்தேன். ஏதோ ஆபீஸ்ல ஓடின பழைய லேப்டாப்புதான். கறுப்பு. கீயில எழுத்தெல்லாம் பளிச்சுனு இருக்கு. ஒரு வருஷம் கேரண்டி தர்றேங்கான். அதையே எடுத்துருவமா?"

ஜெபஸ்டின் அவளிடம் படித்த பையன். இப்போது பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிறான், ரிப்பேரும் பார்க்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏ செண்பகம், மொத நாள் பாத்ததையே தூக்கிட்டு வர்றதுக்கு இது என்ன கத்தரிக்காயா?"

"கத்தரிக்காய நீங்க என்னைக்கு மொதக் கடையில வாங்கிருக்கீங்க?" என்றாள்.

அது உண்மைதான். ஆனால் அது என் பக்கத்து வாதம் அல்லவா? கத்தரிக்காய்க்கே நாலு கடை பார்க்கிறவன் கம்ப்யூட்டருக்கு நாற்பது கடை பார்க்க வேண்டாமா? சொன்னேன். அவள் பையை எடுத்தாள். மளிகைக்கு என்று ஆயிரம் ரூபாய் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெறும் பையோடு திரும்பி வந்தாள். கடை பூட்டியிருந்ததாம். பாருங்கள், அவளுக்கு அன்றைக்கு நேரமே சரியில்லை.

நான் வேலையில் இறங்கினேன். கம்ப்யூட்டர் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. சென்னையில் இருக்கிற என் மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"அத்தான், நான் சுலபமா சொல்றேன் கேளுங்க. பிராசஸர்ங்கிறது லாரியோட இன்ஜின். ராம்ங்கிறது பாடி. ஒரே நேரத்துல எவ்வளவு ஏத்தலாம்ங்கிறது அது."

"எட்டு ஜிபின்னா எட்டு டன்னு வச்சுக்கிடலாமா?"

"வச்சுக்கோங்க."

"அப்ப அந்த எஸ்.எஸ்.டி?"

"அது குடோன்."

"டிரைவர் யாருப்பா?"

"அக்காதான்."

அதிலிருந்து எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன் சார். இத்தனை வருஷம் லாரித் தொழிலில் இருக்கிறேன். டிரைவரைக் கேட்டு வண்டி வாங்கின முதலாளியை நான் பார்த்ததில்லை.

திருநெல்வேலியில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன். ஏசி குளிர் எலும்பில் இறங்குகிறது. ஒரு பெண் வந்து, "எந்த யூஸுக்கு சார் பாக்குறீங்க?" என்றாள். "தமிழ் அடிக்கணும்மா. தினமும் லோடு இருக்கும். ஏத்தத்துல திணறக் கூடாது" என்றேன். அவள் என்னையே பார்த்துவிட்டு இன்னொரு பையனைக் கூப்பிட்டாள். அவன் ஒரு லேப்டாப்பைக் காட்டினான். நான் அதைத் தூக்கிக் காதோரம் வைத்து லேசாக ஆட்டினேன். பழைய வண்டி என்றால் கதவைத் தட்டிப் பார்ப்போம் இல்லையா, அந்தப் பழக்கம். "சார், சார்!" என்று இரண்டு பேர் ஓடி வந்தார்கள். விலையைக் கேட்டேன். அந்த விலைக்கு இரண்டு மாட்டோடு ஒரு வண்டி வாங்கலாம்.

வீட்டுக்கு வந்து வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். அதுதான் பெரிய ஆபத்து, உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். ஒரு லேப்டாப் எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஒருவன் சொல்வான். அதையே வாங்கிவிடாதீர்கள், ஏமாந்துவிடாதீர்கள் என்று அடுத்த வீடியோவில் இன்னொருவன் கத்துவான். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாகத்தான் தெரிகிறார்கள். யாரை நம்புவது? நான் இரண்டு பேரையும் நம்பினேன். அதனால் நகர முடியவில்லை. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போன். செண்பகம் குழம்பு ஊற்றிக்கொண்டே, "இன்னைக்கு எந்தூரு வண்டி?" என்று கேட்பாள்.

ஒரு வாரம் மேஜைக் கம்ப்யூட்டர்தான் என்று முடிவாக இருந்தேன். அப்புறம் கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒரு யோசனை. அதற்கு யுபிஎஸ். அது ஒரு விலை. சரி, புது லேப்டாப். கையில் இருக்கிற பணத்துக்கு வருகிற புது லேப்டாப்பெல்லாம் மூன்று சக்கர மினி வண்டி மாதிரி, நாலு மூட்டை ஏற்றினால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். சரி, பழையது. பழையது என்றால் எவன் எப்படி ஓட்டினானோ? நான் என்னையே கேட்டுக்கொள்வேன்: ஆவுடையப்பா, நீ கம்ப்யூட்டரைத் தேடுகிறாயா, வாங்காமல் இருப்பதற்குக் காரணம் தேடுகிறாயா? நல்ல கேள்வி. அதையும் இரண்டு நாள் யோசித்தேன்.

செண்பகம் இந்த நாட்களில் ரொம்ப பக்தியாக மாறிவிட்டாள். மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினால் அவளும் கோவிலுக்குக் கிளம்புவாள். சாயங்காலம்தான் வருவாள். "மத்தியானம் நடை சாத்தியிருக்குமே?" என்று ஒரு நாள் கேட்டேன். "வெளிய நின்னு கும்பிட்டேன்" என்றாள். அவ்வளவு நேரம் வெளியே நின்று கும்பிட்டிருக்கிறாள் சார். எனக்கே மனசு கஷ்டமாகப் போய்விட்டது. விரலெல்லாம் வலிக்கிறது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். எவ்வளவு அழுத்திக் கையைக் கூப்பியிருந்தால் விரல் வலிக்கும்!

கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. விஜயதசமி அன்று காலை பத்து மணிக்குக் கேமரா முன்னால் உட்கார வேண்டும். அவர்களுக்கு வெளிநாட்டு வேலை, விஜயதசமி எல்லாம் கிடையாதாம். எனக்குச் சந்தோஷம்தான். புதுசாக எதையும் தொடங்குவதற்கு அதைவிட நல்ல நாள் எது? ஆனால் நவராத்திரி ஆரம்பித்துவிட்டது, கையில் மிஷின் இல்லை.

அன்றைக்கு ஆபீஸில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் ஒன்றோடொன்று மோதவிட்டேன். கேட்டதையெல்லாம் வடிகட்டினேன். அப்படியே சுற்றிச் சுற்றி வந்து, திடீரென்று தெளிந்தது சார். மழை நின்று வெயில் அடித்த மாதிரி. பழையதுதான் வாங்க வேண்டும். ஆனால் ஆபீஸில் ஓடினதாக இருக்க வேண்டும், வீட்டில் பிள்ளைகள் விளையாடினதாக இருக்கக் கூடாது. கீயில் எழுத்து தேயாமல் இருக்க வேண்டும். ஒரு வருஷமாவது கேரண்டி வேண்டும். விற்கிறவன் தெரிந்த பையனாக இருந்தால் ரொம்ப நல்லது. இப்படி ஒன்று கோவில்பட்டியில் யாரிடம் கிடைக்கும் என்று யோசித்தேன். ஜெபஸ்டின்!

ஆபீஸைப் பூட்டாமலே ஓடினேன்.

கடையில் அவன் எதையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். "வாங்க அண்ணாச்சி, என்ன இவ்வளவு நாளு கழிச்சு?" என்றான். அவனுக்கு எப்படித் தெரியும் நான் வருவேன் என்று? வியாபாரிக்கு அப்படி ஒரு மூக்கு உண்டு. நான் வேண்டியதைச் சொல்லி முடிக்கக்கூட இல்லை. உள்ளே போய் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தான். கறுப்பு. துண்டில் சுற்றி வைத்திருந்தான். மேலே ஒரு காகிதம் ஒட்டி, 'செண்பகம் டீச்சர்' என்று எழுதியிருந்தது. என்ன தொழில் சுத்தம் பாருங்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பெயர் எழுதி ஒட்டிவிட்டான்.

ஆட்டிப் பார்த்தேன். ஜெபஸ்டின் சிரித்துக்கொண்டே நின்றான். மூடியைத் திறந்தேன். ஒரு ஓரத்தில் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. முன்னால் வைத்திருந்தவர் நம்ம பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விலை இருபத்தோராயிரம் என்று போட்டிருந்தது.

"கொஞ்சம் பாத்துப் போடு, ஜெபஸ்டின்."

"இருபது குடுங்க அண்ணாச்சி, போதும்."

ஒரே வார்த்தை சார்! ஒரே வார்த்தையில் ஆயிரம் இறங்கினான். பேரம் பேசுவதில் நான் இவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "ஆயிரத்தக் கொறைச்சிட்டீகளா! அடேயப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். தோள் குலுங்கியது. மிளகாய் வறுத்திருந்தாளோ என்னவோ, இருமல்.

அதைவிட அதிசயம் ஒன்று. லேப்டாப்பை அவள் மடியில் வைத்துத் திறந்து கொடுத்தேன். பாவம், பழகவே பத்து நாள் ஆகும் என்று நினைத்தேன். கையை வைத்தாள் பாருங்கள், படபடவென்று அடிக்கிறாள்! கீயைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறாள். "நல்ல மிஷின்னா இப்படித்தான், கைக்குத் தானா வந்து ஒட்டிக்கிடும்" என்றேன். "ஆமாங்க" என்றாள்.

சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் லேப்டாப்பைச் சாமி முன்னால் வைத்தோம். நான்தான் எல்லாம் செய்தேன். நான் தேர்ந்தெடுத்தது அல்லவா? ஈரத்துணியால் துடைத்தேன். நாலு மூலைக்கும் சந்தனம். மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தேன். திரைக்கு மேலே, நட்ட நடுவில், நெற்றி மாதிரி ஒரு இடம். அதில் கறுப்பாக ஒரு சின்ன வட்டம். பொட்டு வைப்பதற்கென்றே கம்பெனிக்காரன் விட்டிருக்கிறான் என்று தோன்றியது. பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். என்ன லட்சணம் தெரியுமா! சுமங்கலிப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கிறவரை தொடக் கூடாது, அதனால் அப்படியே பட்டுத் துணியைப் போர்த்திவிட்டோம்.

மறுநாள் காலை ராகுகாலம் பார்த்து, புனர்பூஜை போட்டு, எடுத்து, முன்னறையில் மேஜை மேல் வைத்தேன். கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும் என்பதால் செண்பகத்தின் முதுகு ஜன்னல் பக்கம். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். பத்து மணிக்குப் பெங்களூர் மேடம் வந்தார். குரல் மட்டும் கேட்டது. நித்திலா என்று பெயர், தமிழ்தான், சின்ன வயசுக் குரல்.

"வணக்கம் மேம். உங்க முகம் தெரியலையே. எல்லாம் ஆரஞ்சு கலரா இருக்கு."

செண்பகம் அங்கே இங்கே தட்டினாள். "இப்ப?"

"இப்பவும் ஆரஞ்சுதான். முகம் தெரியலைன்னா டெஸ்ட் எடுக்க முடியாது மேம். வேற டேட்டும் கிடையாது."

எனக்கு உலகமே ஆரஞ்சாகிவிட்டது. முடிந்தது. கேமரா போச்சு. பழையதை வாங்கினேனே! புதுசு வாங்கியிருக்கலாமே. மேஜைக் கம்ப்யூட்டரில் கேமராவே தனியாக வரும், மாற்றியிருக்கலாமே. ஆயிரம் ரூபாய் குறைத்தான், கேமராவில் கையை வைத்துவிட்டான். மகள் முகம் கண் முன்னால் வருகிறது. "ஜெபஸ்டினை இப்பவே போய்..." என்று நான் செருப்பைத் தேடுகிறேன்.

செண்பகம் திரைக்கு மேலே பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்க மாட்டேன். முந்தானையை எடுத்து அந்தப் பொட்டை ஒரு அழுத்து அழுத்தித் துடைத்தாள்.

"ஆ, இப்ப நல்லா தெரியுது மேம்! இன்னைக்குக் காலையிலயிருந்து தமிழ்நாட்டுல யாரைக் கூப்பிட்டாலும் இதே கதைதான்" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

அந்த வட்டம்தான் கேமரா என்று எனக்கு யார் சொன்னார்கள்? அத்தனை வீடியோ பார்த்தேனே, ஒருத்தனாவது சொன்னானா?

அந்தப் பெண் சட்டம் சொல்ல ஆரம்பித்தாள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. வீட்டு ஆள் யாராவது கேமராவில் பட்டால் டெஸ்ட் ரத்து. வெளிச் சத்தம் இருக்கக் கூடாது, அவர்களும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் பூனை மாதிரி வாசலுக்கு வந்து கதவைச் சாத்தினேன். அந்த நிமிஷம் பார்த்து ஆரம்பித்தது சார், டங்கு டங்கு டங்கு என்று!

எங்கள் வீட்டுக்கு எதிரே ஆட்டோ ஸ்டாண்ட். ஆயுத பூஜைக்கு ஆள் உயர ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். முந்தின நாளோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஓடினேன். வாழைக்கன்று கட்டி, மாலை போட்ட ஆட்டோக்களுக்கு முன்னால் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்டுக்குத் தலைவர் கருத்தபாண்டி. என்னைவிட நாலைந்து வயது சின்னவர், பெரிய மீசை.

"கருத்தபாண்டி, ஒரு மணி நேரம் பாட்ட நிறுத்தணும்யா."

"என்னது?"

"பாட்ட! நிறுத்தணும்!"

நிறுத்திவிட்டுக் கேட்டார். சொன்னேன். டீச்சர், வேலை, மகள், ஃபீஸ் எல்லாம் ஒரே மூச்சில்.

"வாஸ்தவந்தான் அண்ணாச்சி. ஆனா செட்டுக்கு ரெண்டு நாளைக்கு வாடகை குடுத்தாச்சு. பயலுக வருசத்துல ஒருக்க ஆடுதானுக. பாட்டு இல்லாம எப்படி ஆடுவானுக?"

"ஏன் ஆட முடியாது? மனசுக்குள்ள பாட்ட ஓட விட்டுட்டு ஆட வேண்டியதுதான்."

இதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்காமல் நான் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

கூட்டத்தில் ஒருவன், "எங்க, அண்ணாச்சி ஆடிக் காட்டட்டும்!" என்றான். எல்லோருக்கும் சிரிப்பு. கருத்தபாண்டி மீசையைத் தடவினார்.

"சரி அண்ணாச்சி. நீங்க ஆடுற வரைக்கும் பாட்டு கிடையாது. என்னைக்கும் பேச்சு மாற மாட்டேன். ஆனா நின்னீகன்னு வைங்க, சாத்தூருக்குக் கேக்கும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆடுவேன் என்று எதிர்பார்க்கவில்லை. என் கல்யாணத்திலேயே நிமிர்ந்து நிற்காத ஆள் நான். ஆனால் அந்தப் பையன் கை ஸ்பீக்கர் பெட்டி பக்கம் போனதைப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டினேன்.

ஆட எனக்குத் தெரியாது சார். தெரிந்தது லாரி ஷெட் ஒன்றுதான். லோடு ஏற்றி முடித்ததும் தார்ப்பாய் போடுவார்கள் தெரியுமா? கயிற்றைச் சுற்றி அந்தப் பக்கம் வீசுவார்கள், காலை ஊன்றி இழுப்பார்கள், முடிச்சுப் போடுவார்கள். அதைச் செய்தேன். வீசு, இழு, கட்டு. வீசு, இழு, கட்டு. நடுவில் இரண்டு குதி. சத்தமில்லாமல்.

முதலில் சிரித்தார்கள். கருத்தபாண்டி சிரிப்பவன் வாயை எல்லாம் பொத்தினார். அவர் வாக்குக் கொடுத்தவர் அல்லவா, இப்போது சத்தத்துக்கு அவர்தான் காவல். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் எனக்கு எதிரே வந்து நின்று நான் வீசின கயிற்றைப் பிடித்தான். இல்லாத கயிறு சார்! பிடித்து இழுத்தான். இன்னொருவன் முடிச்சுப் போட்டான். அப்புறம் ஸ்டாண்டே இறங்கிவிட்டது. ஊமைப் படம் மாதிரி ஒரு கூட்டம் தெருவில் ஆடுகிறது. டவுன் பஸ் ஒன்று நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். கருத்தபாண்டி இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டுக் கையை மட்டும் ஆட்டினார். பஸ்ஸும் பெருமாள் தேர் மாதிரி மெதுவாகப் போனது.

முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? அந்த நேரம் முழுவதும் எனக்கு ஒரு யோசனைகூட வரவில்லை. இது சரியா தப்பா, யார் பார்க்கிறார்கள், ஒன்றும் இல்லை. தலைக்குள் ஏதோ ஒரு பாட்டு மட்டும் ஓடியது. என்ன பாட்டு என்றுகூடத் தெரியவில்லை.

"அண்ணாச்சி, போதும்! அக்கா வாசல்ல நிக்காக!" என்று கருத்தபாண்டி என் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் நின்றேன். நின்றதும் ஸ்பீக்கர் பக்கம் நின்ற பையன் பாட்டைப் போட்டான் பாருங்கள். சாத்தூருக்கு நிச்சயம் கேட்டிருக்கும்.

மறுநாள் போன் வந்தது. செண்பகத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. முதல் சம்பளத்தில்தான் இன்றைக்கு மகளுக்கு ஃபீஸ் கட்டிவிட்டு வருகிறேன். எல்லாம் அந்த லேப்டாப் சார். சரியான மிஷினாக இருந்ததால் சரியான வேலை. ஆடினது கிடக்கட்டும், அதை ஒரு கிறுக்குத்தனம் என்று தள்ளிவிடுங்கள். தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். அவசரப்படாதீர்கள். சுற்றிப் பாருங்கள். மருமகள் ஏதாவது சொல்வாள், கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அலைந்து பார்த்து நீங்களே முடிவெடுங்கள்.

இன்னொன்று இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

வேலை கிடைத்த அன்று சாயங்காலம் காப்பி குடிக்கும்போது செண்பகம் சொன்னாள். டெஸ்ட் நடுவில் அந்த நித்திலா கேட்டிருக்கிறாள்: "மேம், உங்க பின்னாடி ஜன்னல்ல வேட்டி கட்டின ஒருத்தர் குதிச்சுக்கிட்டே இருக்காரே, யாரு அவரு? உங்க வீட்டு ஆளா?"

காப்பியை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். வீட்டு ஆள் பட்டால் ரத்து அல்லவா? "நீ என்ன சொன்ன?"

"திரும்பிப் பாத்தேன். யாருன்னு தெரியல மேடம்னு சொல்லிட்டு, அடிக்க ஆரம்பிச்சுட்டேன்."

"இருபத்தாறு வருசமா கூடக் குடும்பம் நடத்துதேன். கேமரா முன்னால என்னையத் தெரியாதுன்னு பொய் சொல்லிட்டியே!"

"பொய்யா?" என்றாள். டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இருபத்தாறு வருசத்துல அந்த ஆள நான் ஒரு நாளு பாத்தது இல்லைங்க. மெய்யாத்தான் தெரியல."

இப்போது தினமும் சாயங்காலம் வேலையை முடித்து லேப்டாப்பை மூடும்போது அதையே கேட்கிறாள் சார். "அந்த ஆளு இன்னைக்கு வருவாரா?"

நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வேட்டியை மடித்துக் கட்டுகிறேன்.